“பி செக்‌ஷன்னா நம்ம ஆளுங்க செக்‌ஷனா?”

கேள்வி:

வக்கீல் அக்காவுக்கு வணக்கமுங்க. நாங்க சென்னிமலைக்குப் பக்கத்துல ஒரு ஊரு. அருந்ததியர் குடியிருப்பு, வளவுன்னு சொல்லுவோமுங்க. எம் பொண்ணு ஒன்றிய நடுநிலைப் பள்ளியில ஆறாவது படிக்கறா. ஆறாவதுல ரெண்டு செக்‌ஷன். ஏ இங்கிலீஷ் மீடியம், பி தமிழ் மீடியம். ஏ-ல 31 பேரு, பி-ல 26 பேரு. எங்க வளவுல இருந்து போற 22 பிள்ளைங்கள்ல 20 பேரு பி-லதான் இருக்குதுங்க. ஏ கிளாஸ் புதுக் கட்டடத்துல. பி கிளாஸ் பாத்ரூமுக்குப் பக்கத்துல, பழைய ஓட்டுக் கட்டடத்துல. பக்கத்துல இருக்கறதால, பாத்ரூமுக்குத் தண்ணி ஊத்தறது, கூட்டறது எல்லாம் பி பிள்ளைங்க வேலையாப் போச்சு. ஹெட்மாஸ்டர்கிட்ட கேட்டனுங்க. “சாதியெல்லாம் யாரும் பாக்கலைம்மா, நீங்கதான் தமிழ் மீடியம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க”ங்கறாரு. போட்டது நெசந்தானுங்க. டீச்சர் பென்சில்ல டிக் பண்ணி வெச்சிருந்த எடத்துல போட்டேன். ஒரு டீச்சர் பிள்ளைங்க முன்னாலயே, “உங்காளுங்களுக்கு இதெல்லாம் பழக்கந்தானே”ன்னாங்களாம். பிசிஆர் கேஸ் குடுக்கச் சொல்லி ஒருத்தர் சொல்றாரு. எங்க வீட்டுக்காரரு வேண்டாங்கறாரு. அவரு ஓட்டற தறி, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியோட அண்ணனுதுங்க. பேசாம பிரைவேட் ஸ்கூல்ல 25 பர்சென்ட்ல சேத்திடலாமா? எம் பொண்ணு கேக்கறா, “ஏம்மா, பி செக்‌ஷன்னா நம்ம ஆளுங்க செக்‌ஷனா?”ன்னு. என்ன சொல்றதுன்னு தெரியலீங்க. பேரும் ஊரும் போட வேண்டாமுங்க.

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகளின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், அந்தப் பள்ளியில் இன்றைக்கு அது அப்படித்தான் இருக்கிறது. பிள்ளை சரியாகத்தான் கவனித்திருக்கிறாள். “அதெல்லாம் இல்ல கண்ணு” என்று நாம் சமாளித்தால் அவள் நம்பப்போவதில்லை; தினமும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பவள் அவள். நீ நினைத்தது சரி, அது தப்பு என்று சட்டமே சொல்கிறது, அதை மாற்றத்தான் அம்மா அலைகிறேன் என்று சொல்லுங்கள். பதினோரு வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும்.

ஹெட்மாஸ்டர் “சாதி பார்க்கவில்லை” என்கிறார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் சிக்கலின் முடிச்சே இதில்தான் இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் இதே கொங்குச் சீமையில், ஊர்ப் பக்கம் பிறந்தவள். அரசுப் பள்ளியில்தான் எட்டாவது வரை படித்தேன். அந்த எட்டு வருடத்தில் ஒருநாள்கூட நான் கழிப்பறைப் பக்கம் துடைப்பத்தோடு போனதில்லை. வளவிலிருந்து வந்த நான்கு பிள்ளைகள் தினமும் போனார்கள். யாரும் எங்கள் முன்னால் சாதிப் பெயர் சொல்லி அவர்களை அனுப்பியதாக நினைவில்லை. “வாளி எடுத்தவங்க போங்க” என்பார் சார். வாளி எப்போதும் அவர்கள் உட்காரும் மூலையில்தான் இருந்தது. அதை அங்கே யார் வைத்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. வக்கீலாகி, இதேபோல் ஒரு வழக்குக் கட்டை முதன்முதலில் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த நால்வரின் முகமும் நினைவுக்கு வந்தது. ஒருவர் பெயரும் வரவில்லை.

ஆகவே ஹெட்மாஸ்டரின் மனதுக்குள் என்ன இருந்தது என்று நிரூபிக்க நீங்கள் மெனக்கெட வேண்டாம். சட்டமும் இப்போது அதை எல்லா இடத்திலும் கேட்பதில்லை. 2021 மார்ச்சில் லெப்டினன்ட் கர்னல் நிதிஷா என்ற ராணுவப் பெண் அதிகாரியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ‘மறைமுகப் பாகுபாடு’ என்பதை விரிவாக ஆராய்ந்து ஏற்றுக்கொண்டது. விதி எல்லாருக்கும் ஒன்றுபோலத் தெரியலாம், போட்டவருக்குக் கெட்ட எண்ணமே இல்லாமலும் இருக்கலாம். ஏற்கெனவே பின்தள்ளப்பட்ட ஒரு கூட்டத்தை அது மேலும் பின்னால் தள்ளுகிறது என்றால் அதுவும் பாகுபாடுதான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்பு முன்னுதாரணமாக எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று, அமெரிக்காவில் 1971-இல் வந்த கிரிக்ஸ் வழக்கு. வட கரோலினாவில் டியூக் பவர் என்ற மின் கம்பெனி. அங்கே கறுப்பினத் தொழிலாளிகளைக் கூலிப் பிரிவில் மட்டுமே வைத்திருந்தார்கள். நிறம் பார்க்கக்கூடாது என்று 1964-இல் சட்டம் வந்ததும், வேறு பிரிவுக்கு மாற வேண்டுமானால் பள்ளி இறுதிச் சான்றிதழ் வேண்டும், இல்லையென்றால் தேர்வில் தேற வேண்டும் என்று கம்பெனி விதி போட்டது. விதியில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அந்த மாநிலத்துக் கறுப்பினப் பிள்ளைகளைத் தரம் குறைந்த தனிப் பள்ளிகளில்தான் வெகுகாலம் படிக்க வைத்திருந்தார்கள். அந்தச் சான்றிதழைக் கேட்டால் யார் வெளியே நிற்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். செய்கிற வேலைக்குச் சம்பந்தமில்லாத அந்த விதி செல்லாது என்றது அந்த நாட்டு உச்ச நீதிமன்றம்.

உங்கள் கையில் கொடுத்த மீடியம் படிவமும் இந்த வகைதான். எல்லாருக்கும் ஒரே படிவம். ஆனால் ஊருக்குள்ளிருந்து வந்த பெற்றோரிடம் “எந்த மீடியம் வேணுமுங்க?” என்று கேட்டிருப்பார்கள். உங்களிடம் பென்சிலில் டிக் அடித்து நீட்டியிருக்கிறார்கள். விவரம் சொல்லாமல் வாங்கிய கையெழுத்தை வைத்து “நீங்கள்தான் கேட்டீர்கள்” என்று வாயடைப்பது நியாயமே இல்லை. வளவில் இன்னும் எத்தனை பேருக்கு இப்படிப் பென்சில் டிக் வந்தது என்று விசாரியுங்கள். பத்துப் பேர் ஒரே மாதிரி சொன்னால் அதைவிட வலுவான சாட்சியம் வேண்டியதில்லை.

கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 8 இப்படிப் பிரித்து வைப்பதை நேரடியாகவே தொடுகிறது. நலிந்த, பின்தங்கிய பிரிவைச் சேர்ந்த பிள்ளை எந்தக் காரணத்தாலும் பாகுபாட்டுக்கு ஆளாகாமல், படிப்பை முடிக்கத் தடை வராமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை என்கிறது அது. பிரிவு 9 அதே கடமையை உள்ளாட்சிக்கும் வைக்கிறது. பாகுபாட்டைத் தடுக்கும் 15-ஆவது, தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆவது, கல்வியை உரிமையாக்கும் 21-அ ஆகிய அரசமைப்புப் பிரிவுகள் இதற்கெல்லாம் அடித்தளம்.

இங்கே ஒரு விஷயத்தில் நீங்கள் குழம்பிவிடக்கூடாது. தமிழ் மீடியம் என்பது தண்டனை இல்லை. ஒன்றாவதிலிருந்து தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010 முதல் இருக்கிறது. 2020-இல் திருத்தியபோது பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்று இறுக்கிவிட்டார்கள். உங்கள் மகள் இதுவரை தமிழில் படித்தவள். இப்போது கோபத்தில் ஏ பிரிவுக்கு மாற்றினால் அந்த வாய்ப்புப் போய்விடும். ஆங்கில வழி வேண்டும் என்று நீங்களும் அவளும் யோசித்துக் கேட்டால் அது உங்கள் உரிமை. எதை இழக்கிறோம், எதைப் பெறுகிறோம் என்று தெரிந்து கேளுங்கள். இதைச் சொல்லும் பொறுப்பு பள்ளிக்கு இருந்தது. அவர்கள் சொல்லவில்லை.

கழிப்பறை வேலைக்கு வருகிறேன். அதில் யோசிக்க ஒன்றுமில்லை, உடனே நிற்க வேண்டும். “வகுப்பு பக்கத்தில் இருக்கிறது” என்பது காரணமே அல்ல. வகுப்பை அங்கே வைத்தது யார்? 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறைகளைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. துப்புரவு வேலையைச் சில சாதிக் கைதிகளுக்கும், சமையலை வேறு சாதிக் கைதிகளுக்கும் ஒதுக்கும் சிறை விதிகள் செல்லாது, அவை தீண்டாமையின் தொடர்ச்சி என்றது. சாதிவாரியாகத் தனித்தனியே அடைப்பதற்கு ‘சண்டை வராமல் இருக்க’ என்று சொல்லப்பட்ட காரணத்தையும் ஏற்கவில்லை. நம்முடைய பாளையங்கோட்டைச் சிறையும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டது. தண்டனை பெற்ற கைதிக்கே இந்தப் பாதுகாப்பு உண்டென்றால், ஆறாவது படிக்கும் பிள்ளைக்கு எவ்வளவு இருக்க வேண்டும்?

உங்கள் மாவட்டத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 2022 இறுதியில் பெருந்துறை அருகே பாலக்கரையில், பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாக ஒரு தாய் புகார் கொடுத்தார். தலைமை ஆசிரியை கைதானார். உங்களைப் போல ஒரு அம்மாதான் அந்தப் புகாரை எழுதிக்கொடுத்தது.

அதற்காக நாளைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. பிசிஆர் என்று நீங்கள் சொல்வது இப்போது பெரும்பாலும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். செக்‌ஷன் பிரித்ததற்கு அதில் வழக்குப் போட்டால் நிற்பது கடினம். அவமானப்படுத்தும் நோக்கத்தோடு செய்ததாக அங்கே காட்ட வேண்டும். ஹெட்மாஸ்டர் படிவத்தை நீட்டுவார். ஆனால் அந்த டீச்சர் சொன்னதாகச் சொல்கிறீர்களே, “உங்காளுங்களுக்கு இதெல்லாம் பழக்கந்தானே” என்று, அது வேறு. பொதுப் பார்வையில் ஒரு பட்டியல் சாதியினரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பது பிரிவு 3(1)(ஆர்)-இன் கீழ்க் குற்றம். வகுப்பில் பிற பிள்ளைகள் முன்னால் சொன்னது அதற்குள் வர வாய்ப்பு அதிகம். அந்த டீச்சரே பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். யாராக இருந்தாலும் பொருந்தக்கூடியது 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு. தன் பொறுப்பில் உள்ள பிள்ளையைத் தேவையில்லாத மன, உடல் வேதனைக்கு ஆளாக்குவது பற்றியது அது. கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 17-இன்படி மனத் துன்புறுத்தலுக்குத் துறை நடவடிக்கையும் உண்டு.

வன்கொடுமைப் புகார் கொடுத்தால், பூர்வாங்க விசாரணை முடியட்டும் என்று முதல் தகவல் அறிக்கையைத் தள்ளிப்போட முடியாது. டிஎஸ்பி அந்தஸ்துள்ள அதிகாரிதான் விசாரிப்பார். சட்டம் உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. ஆனால் நாளை கோர்ட்டில் அந்த வார்த்தையைச் சொல்லப்போவது பிள்ளைகள். அதனால் என் ஆலோசனை: அந்த வார்த்தையைக் கேட்ட மற்ற பிள்ளைகளின் பெற்றோரோடு உட்கார்ந்து பேசுங்கள். என்ன சொன்னார், எந்த நாள், யார் யார் இருந்தார்கள் என்று அவரவர் பிள்ளை சொல்வதை அப்படியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிள்ளைக்கு எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஒரு சொல் மாறினாலும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். புகார் கொடுக்கச் சொல்லி யாரும் உங்களைத் தள்ளக்கூடாது. ‘பேசி முடிச்சுக்கலாம்’ என்று யாரும் உட்கார வைக்கவும் கூடாது. முடிவு உங்களுடையது. எழுதி வைத்தது இருந்தால் அதை நிதானமாக எடுக்கலாம்.

கல்வித் துறைக்கு மனு மட்டும் இந்த வாரமே போகட்டும். வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதி, மாவட்டக் கல்வி அலுவலருக்கும் கலெக்டருக்கும் நகல் அனுப்புங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 32-இன்படி எழுத்துப் புகாரை 3 மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

மனுவில் “என் மகளை ஏ பிரிவுக்கு மாற்றுங்கள்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரு பிள்ளையை மாற்றிவிட்டு, “பாருங்க, மாத்திட்டோம்” என்று கோப்பை மூடிவிடுவார்கள். மீதிப் பிள்ளைகளின் கையில் வாளி அப்படியே இருக்கும். இப்படிக் கேளுங்கள்: எல்லாப் பெற்றோரையும் கூட்டி, இரண்டு மீடியத்தின் சாதக பாதகத்தையும் சொல்லிப் படிவத்தைப் புதிதாக வாங்க வேண்டும். தமிழ்ப் பாடம், விளையாட்டு, ஓவியம், சாப்பாடு ஆகியவற்றில் இரண்டு பிரிவும் கலந்து உட்கார வேண்டும். மீடியம் வேறானால் கணக்கும் அறிவியலும் சமூக அறிவியலும்தான் வேறு, கபடிக்கு என்ன மீடியம்? ஓட்டுக் கட்டடத்தில் இரண்டு பிரிவும் மாறி மாறி இருக்க வேண்டும். கழிப்பறைக்கு ஊராட்சி மூலம் கூலிக்கு ஆள் வைக்க வேண்டும், எந்தப் பிள்ளையும் அதைத் தொடக்கூடாது.

ஊர்ப் பக்கமிருந்து எதிர்ப்பு வரலாம். “கலந்து உக்கார வெச்சா டிசி வாங்கிட்டு மேட்ரிக்குலேஷனுக்குப் போயிருவோம்” என்று மிரட்டினால் ஹெட்மாஸ்டர் பயப்படுவார். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போய்விடும். அந்தப் பயம் நிஜம்தான். 2018-இல் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் சமூகத்துச் சமையலர் சமைக்கக்கூடாது என்று பெற்றோர் எதிர்த்தபோது, முதலில் அந்த அம்மாவைத்தான் வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். பிரச்சினை பெரிதான பிறகே அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்; வன்கொடுமை வழக்கும் பதிவானது. 2023-இல் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் காலை உணவுக்கு அதே எதிர்ப்பு வந்தபோது, கலெக்டரே போய் அந்த அம்மா சமைத்ததைச் சாப்பிட்டார். மேலே இருப்பவர் ஒருவர் உறுதியாக நின்றால் ஹெட்மாஸ்டருக்கும் தைரியம் வரும். கலெக்டருக்கு நகல் அனுப்பச் சொல்வது அதனால்தான்.

உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதை நான் குறைத்துப் பேச மாட்டேன். தறி நின்றால் அடுத்த வாரச் சம்பளம் நின்றுவிடும். அதனால் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டாம். வளவிலிருந்து 10, 15 பெற்றோர் சேர்ந்து போடுங்கள். யார் முதலில் என்று தெரியாதபடி வட்டமாகவே போடலாம். தகவல் உரிமை மனுவை ஊரில் இல்லாத யாரையாவது போடச் சொல்லுங்கள். எந்தக் குடிமகனும் போடலாம், காரணம் கேட்கக்கூடாது, 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். கடந்த 3 வருடத்தில் ஆறாம் வகுப்பு ஏ, பி பிரிவுகளில் பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்சி(ஏ) எனப்படும் அருந்ததியர் பிள்ளைகள் எத்தனை பேர், கழிப்பறைத் துப்புரவுக்கு எந்த நிதியில் யாருக்குச் சம்பளம் தருகிறார்கள் என்ற இரண்டு கேள்வி போதும். பெயர் கேட்க வேண்டாம், எண்ணிக்கை மட்டும். இந்தக் கணக்கு அரசு முத்திரையோடு வந்துவிட்டால், அப்புறம் அது உங்கள் வாய்ச்சொல் அல்ல.

மேலாண்மைக் குழுவைப் பற்றியும் ஒன்று. கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 21-இன்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பின்தங்கிய பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்குத் தக்க இடம் கொடுக்க வேண்டும். உங்கள் வளவிலிருந்து எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள்? இருக்கிறவர்களுக்குக் கூட்டம் நடப்பது தெரியுமா, இல்லை நோட்டு வீட்டுக்கு வந்து கைநாட்டு வாங்கிப் போகிறதா? இதையும் மனுவில் எழுதுங்கள்.

தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டம் ஒதுக்கும் 25 சதவீத இலவச இடம் இப்போது கிடைக்காது. அது எல்கேஜி, ஒன்றாவது என்று நுழைவு வகுப்பில் சேர்வதற்கு மட்டும். காசு கட்டிச் சேர்க்கலாம், ஆனால் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் ஆறாவது முதலே கணக்கு. இப்போது பள்ளி மாற்றினால் இவையெல்லாம் கையை விட்டுப் போகும். அது அவளுடைய பள்ளிக்கூடம். அங்கேயே படிக்கட்டும்.

மனு எழுத உதவி வேண்டுமென்றால், பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. ஈரோடு கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். நாளைக்கே பாப்பாவின் கையில் யாராவது வாளியைக் கொடுத்தால், பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 இரண்டுக்கும் அன்றைக்கே சொல்லுங்கள். போன் செய்த நேரத்தையும் அந்த நோட்டிலேயே குறித்து வையுங்கள். வளவில் யாரிடமாவது அந்த மீடியம் படிவத்தின் நகல் இருக்கிறதா என்று இன்று சாயங்காலமே கேளுங்கள். பென்சில் டிக் அழிவதற்குள் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வக்கீல் அக்கா